படம் பார்க்காத மாமனார்

என் பெரியப்பா சினிமாவைச் சும்மா பார்க்கமாட்டார், அதில் கலந்துகொள்வார். டிவியில் வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்தால் கதாநாயகனுக்குத் தகவல் சொல்வார். சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டினால் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு நியாயம் கேட்பார். அவரோடு தியேட்டருக்குப் போனால் எங்களுக்கு ஒரு டிக்கெட்டில் இரண்டு படம்.

ஆனால் அந்த வருஷம் வீடு கலகலப்பாக இல்லை. தருமபுரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகள், என் அக்கா, ஏரியூர்க்காரர் ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லியிருந்தாள். அவர் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். பெரியப்பா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "முகூர்த்த மாசத்துல சோறு, ஆடி மாசத்துல பட்டினி. அவனுக்கா என் பொண்ணு?" அன்றிலிருந்து இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பாவச் சாப்புட வரச் சொல்லு" என்பாள் அக்கா. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பதினோரு வயதில் எனக்கு இந்த உத்தியோகம் பிடித்துத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் புகழ்பெற்ற ஓர் இசையமைப்பாளரின் காதல் கதையைப் படமாக எடுத்திருந்தார்கள். அவர் பாட்டென்றால் பெரியப்பாவுக்கு உயிர். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போகும்போது டிராக்டரில் அதுதான் ஓடும். பெரியம்மா எல்லாருக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னாள். ஒரு கோடியில் அக்கா, மறு கோடியில் பெரியப்பா, நடுவில் நானும் பெரியம்மாவும் உட்கார்ந்தோம்.

படத்தில் அந்த இசையமைப்பாளர் இன்னும் பெயர் வாங்காத இளைஞர். ஓர் ஆர்மோனியத்தைத் தவிர வேறு சொத்து கிடையாது. ரைஸ்மில் முதலாளியின் மகளை விரும்பிப் பெண் கேட்டு வந்தார். முதலாளி அவரை வாசலிலேயே நிறுத்தி, பாட்டுப் பாடினால் உலை கொதிக்குமா என்று கேட்டுத் துரத்திவிட்டார். ஆர்மோனியம் நனையாமல் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தி அவர் மழையில் நடந்தார். பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே நின்றுவிட்டார்.

"யோவ், கூறு கெட்ட மனுசா! பொண்ணக் குடுய்யா! யாரத் தொரத்தறேன்னு தெரியுதா ஒனக்கு?"

தியேட்டரே கைதட்டியது. பின்வரிசையில் விசில் பறந்தது. பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு பெருமையாக உட்கார்ந்தார். பெரியம்மா பாப்கார்னிலிருந்து கையை எடுக்காமல் மெல்லச் சொன்னாள்.

"அவருக்கு எப்படிங்க தெரியும்? அவரு இந்தப் படத்தப் பாக்கலயே."

பெரியப்பா முதலில் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி அக்காவைப் பார்த்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் என் கை அவள் பிடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பெரியப்பா யாருக்கும் யோசனை சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகும், திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டார். "ஒங்கக்காகிட்டச் சொல்லு. ஞாயித்துக்கெழம அந்தப் பையன வூட்டுக்கு வரச் சொல்லட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள், "சரிங்கப்பா" என்றாள் அக்கா. என் உத்தியோகம் அதோடு போயிற்று.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. ஏரியூர் மாமா பெரிய இசையமைப்பாளர் ஆகப்போகிறார். அது பெரியப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. (மாமா இன்றைக்கும் கல்யாணங்களில்தான் வாசிக்கிறார்.) ஆனாலும் மனதுக்குள் ஒரு பயம். இவ்வளவு முக்கியமான விஷயத்தை அக்கா யோசித்தாளா, இல்லையா?

"அக்கா, ஒருவேள மாமா அவ்வளவு பெரிய ஆளா வரலைன்னா?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வராட்டிப் போறாரு போ" என்றாள்.

அவளுக்காக நான் கவலைப்பட்டால் அவள் இப்படியா சிரிப்பது? ஊர் வந்து சேரும்வரை அவளோடு நான் பேசவில்லை.