கொழும்பு வழியாக வந்த வருடங்கள்

மஸ்கட்டில் நான் நர்ஸாக இருந்தேன். அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில். அம்மா குடவாசலில், சித்தியின் துணையோடு. பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளோடு ஊருக்கு வருவாள். அந்த மாதத்தில் எனக்கு மட்டும் லீவு கிடைக்காது. பிள்ளைகள் உள்ள நர்ஸுகள் எல்லாம் திரும்பிய பிறகுதான் என் முறை.

திருச்சிக்கு வர இருவருக்கும் அப்போது வாய்த்த வழி கொழும்புதான். அங்கே இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். சில வருடங்கள் அவள் திரும்பும் நாளும் நான் வரும் நாளும் ஒன்றாக அமைந்தன. அப்போது விமான நிலையக் கூடத்தில் சிறிது நேரம் சந்தித்துக்கொள்வோம். இலங்கையில் நான் பார்த்ததெல்லாம் அந்தக் கூடமும் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த தென்னைகளும்தான்.

ஒருமுறை அக்கா திருச்சி விமானத்திலிருந்து வந்ததும் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சாப்பிடு. அம்மா உனக்குன்னு கட்டிக் குடுத்தாங்க."

"சாயங்காலம் நான் அங்கதானேக்கா சாப்பிடப்போறேன்?"

"அதெல்லாம் இப்ப அவங்களுக்குப் புரியல. நீ எங்கயோ பட்டினி கெடக்கேன்னு நெனைக்கிறாங்க."

பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "உன்னையாவது தெரிஞ்சுதா?"

"சில நேரம் என்னைத்தான் நீன்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் மறுத்துச் சொல்லல. நீ வந்துட்டேன்னு அவ்வளவு சந்தோஷம். நீ அங்க போனதும் அழுதுடாத, என்ன?"

ஊர் போய்ச் சேர்ந்து நான் அழவில்லை. அம்மா என் கன்னத்தைத் தடவி, அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நானும் "என்னம்மா" என்றேன். அடுத்த வருடம் எப்படியாவது இருவரும் சேர்ந்தே போய் அம்மா முன்னால் நிற்பது என்று அக்காவும் நானும் போனில் முடிவு செய்தோம். சேர்ந்து நின்றால் யார் யாரென்று தெரிந்துவிடும் என்று நம்பினோம்.

அதற்குள் மஸ்கட்டிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். கொழும்பில் காத்துக் கிடக்க வேண்டாம்.

இருவரும் சேர்ந்து போகும் முன்பே, ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டார். நான் நேர் விமானத்தில் வந்து சேர்ந்தேன். அக்காவுக்குக் கொழும்பு வழியாகத்தான் இடம் கிடைத்தது. மழையில் அங்கிருந்து விமானம் கிளம்பவில்லை. பங்குச் சாமியார் அடக்கத்தை முடிந்தவரை தள்ளிவைத்துப் பார்த்தார். மகள்களில் நான் ஒருத்திதான் மண் போட்டேன்.

மறுநாள் சித்தியும் நானும் நின்றிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு அக்கா பெட்டியோடு நேரே வந்தாள். செருப்பெல்லாம் சேறு.

"கடைசியா யாரைக் கேட்டாங்க சித்தி?"

"ரெண்டு பேரையும்தான்மா. மாத்தி மாத்திக் கூப்பிட்டாங்க."

அக்கா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் அவள் கொழும்பு வழியாகவும் நான் நேராகவும் திரும்பிப் போனோம்.