காற்றுக்கு இடம் கொடுக்காத மச்சான்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு மச்சான் என்றே பெயர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. மேலாளர் நாற்காலியில் உட்கார அதைத் தவிர வேறு தகுதி அவரிடம் இருந்ததாக யாரும் கண்டதில்லை. வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை, கழுத்தில் மஃப்ளர். ஆனால் குளிர் அறைக்குள் மட்டும் போகமாட்டார். கதவருகே நின்று கையை நீட்டி அதிகாரம் செய்வதோடு சரி.

திராட்சை வந்து குவிந்த சமயம், பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி, கூரை முட்ட அடுக்கச் சொன்னார். குளிர்காற்றை ஊதும் விசிறியின் முகத்தையும் பெட்டிகள் மறைத்தன.

"சார், நடுவுல கொஞ்சம் சந்து விடலாமா? காத்து போகணுமே" என்றார் சுமையாள்.

"காத்து வாடகை குடுக்குமாய்யா? அடுக்கு!"

சொல்லிவிட்டுத் தானே குலுங்கிச் சிரித்துக்கொண்டார்.

விசிறியை ஒட்டித் தொங்கிய வெப்பமானி குளிரை ஜம்மென்று காட்டியது. மச்சானுக்கு அது போதும். சில நாளில் உள்ளிருந்து புளித்த வாடை கிளம்பியது. "இன்னும் குளிரை ஏத்து" என்றார். விசிறிக்கு எதிரே இருந்த பழம் கல்லாக உறைந்தது. நடுவில் இருந்தது புழுங்கி நொதித்தது. விவசாயிகள் அழுகலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கூசாமல் சொன்னார்.

முதலாளி வெளியூரில் இருந்ததால் அக்காவே வந்தார். கிடங்கு கட்டிய நாள் முதல் கணவரோடு நின்று பார்த்தவர். அடுக்குகளுக்கு இடையில் ஒரு காகிதக் கீற்றைப் பிடித்தார். அது செத்ததுபோல் தொங்கியது.

"இங்க வந்து பாருடா. ஆடுதா?"

"குளுருதுக்கா. சளி பிடிச்சிரும்."

"உள்ள வாடா!"

வந்தவரின் மூக்கருகே ஒரு கொத்தை நீட்டினார் அக்கா. "மோந்து பாரு. இதை வளத்தவங்களையா திருட்டுப் பசங்கன்னு சொன்னே?"

எல்லாப் பெட்டியும் வெளியே வந்தது. கெட்டதைக் கழித்துவிட்டு, சுவரைத் தொடாமல், காற்று போகும் திசையில் சந்து விட்டு, மேலேயும் இடைவெளி வைத்து மறுபடி அடுக்கினார்கள். இப்போது காகிதம் படபடத்தது. பாதிப் பழம் குப்பைக்குப் போனது. ஒவ்வொரு விவசாயியிடமும் அக்காவே பேசி மன்னிப்புக் கேட்டார். மச்சான் அந்நேரம் அக்காவின் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேலை அன்றோடு போயிற்று. இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, அக்கா குடும்பத்துக்காகக் குளிரில் உழைத்தே நுரையீரல் கெட்டுவிட்டதாகச் சொல்கிறார். கேட்பவர் நம்பவேண்டுமே என்று, வராத இருமலை வலிய இழுத்து இருமிக் காட்டுகிறார்.