காதேஷ் ஒப்பந்தமும் வெங்காய மூட்டைகளும்

எகிப்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தங்கமணி அக்கா புண்ணியம். நானாகக் கேட்டதில்லை. யாங்கோனின் பபேடான் பேட்டையில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர். கரண்ட் போனால் எனக்கு வேலை ஓடாது, அவருக்கு வாய் ஓயாது. யாங்கோனில் கரண்ட் போகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்நேரம் எகிப்து சரித்திரத்தில் நான் ஒரு பட்டமே வாங்கியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. தமிழ்க் காகிதத்தைப் பர்மியத்துக்கும், பர்மியக் காகிதத்தைத் தமிழுக்கும் மாற்றித் தருவது தொழில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர், அம்மா பர்மியப் பெண். இரண்டு பாஷையிலும் திட்டு வாங்கி வளர்ந்ததால் இரண்டும் சுத்தமாக வரும் என்பார். முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தையைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. வேலை முடிந்ததும் 'மூலத்துக்குச் சரி' என்ற முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்துவார். அந்தச் சத்தத்தில் என் மெஷின் தூசி பறக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடைபாதைக் கடையில் ஒரு பர்மியப் புத்தகம் வாங்கினார். அட்டையும் இல்லை, முதல் நாற்பது பக்கமும் இல்லை. அதனால் அக்காவின் எகிப்தில் பிரமிடே கிடையாது. எடுத்த எடுப்பிலேயே நாட்டின் வடபாதி அந்நியன் கையில் இருக்கும். குதிரையும் ரதமும் வைத்திருந்த ஹிக்ஸோஸ் என்கிற கூட்டம். தெற்கே தீப்ஸ் நகரத்து ராஜாக்கள் அதே ரதத்தைக் கற்றுக்கொண்டு, அதே வில்லைக் கற்றுக்கொண்டு, அவர்களை அடித்து விரட்டினார்கள். அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். அக்கா விடவில்லை.

"வெரட்டியாச்சு சுரேந்திரா. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். அப்புறம் எதுக்கு அவன் பின்னாடியே நாடு தாண்டி அத்தனை தூரம் போனாங்க? ஒரு ராஜா பதினேழு தடவை படையெடுத்திருக்கான். அங்க என்னதான் வேணும் அவங்களுக்கு?"

"எனக்கு என்னக்கா தெரியும்? நான் என்ன கூடவா போனேன்?"

இந்தக் கேள்வியை அவர் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கேட்டார். இட்லி விற்கிற அம்மாவிடம் கேட்டார். பக்கத்துத் துணிக்கடை சாதிக் பாட்சாவிடம் கேட்டார், அவர் அன்று முழுக்க இந்தப் பக்கமே வரவில்லை. இன்னொரு நாள், எகிப்துச் சிப்பாய்கள் யூப்ரடீஸ் நதியைப் பார்த்துத் திகைத்த கதை. அவர்களுடைய நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. இதுவோ தெற்கே ஓடுகிறது. அதற்குத் தலைகீழாக ஓடும் தண்ணீர் என்று பெயர் வைத்தார்களாம். "நம்ம க்யிம்யிண்டைங் படித்துறைக்கு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? கடல் ஏறினா இறங்கினா நம்ம ஆறு தினம் திரும்பித் திரும்பி ஓடுது" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

போன தை மாதம் பூர்ணா வந்தாள். க்யிம்யிண்டைங் சந்தையில் வெங்காயக் கடை வைத்திருக்கும் கருப்பையாவின் ஒரே மகள். ஒன்பது நாளில் கல்யாணம். கண் வீங்கியிருந்தது. தமிழில் ஆரம்பித்தாள், நாலு வார்த்தைக்குப் பிறகு பர்மியத்துக்குப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். கருப்பையா கடைக்கு அடுத்த கடை அவருடைய மைத்துனர் செல்லையாவின் தேங்காய்க் கடை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு முழ இடம். அதில்தான் பூர்ணாவின் அம்மா பவானி முக்காலி போட்டு உட்கார்ந்து கறிவேப்பிலை விற்றார். இந்தப் பக்கம் புருஷனையும் அந்தப் பக்கம் தம்பியையும் அதட்டிக்கொண்டிருப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். காரியம் முடிந்து கடை திறந்த அன்று கருப்பையா அந்த இடத்தில் ஒரு வெங்காய மூட்டையை வைத்தார். மறுநாள் செல்லையா அதை நகர்த்தி இருபது தேங்காய் அடுக்கினார். அப்புறம் இரண்டு மூட்டை, ஐம்பது தேங்காய், தார்ப்பாய், கயிறு, கடைசியில் கைகலப்பு. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

"மாமா வந்து மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணவறைக்குப் போவேன். அம்மாவும் இல்ல, மாமாவும் இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றாள் பூர்ணா. "அப்பா, அவன் முதல்ல வந்து கேட்கட்டும்ங்கிறார். மாமா, அவரு முதல்ல வந்து கூப்பிடட்டும்ங்கிறார். மாப்பிள்ளை வீட்டுல தேதியை மாத்த முடியாதுன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

அக்கா அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, இரண்டு பேரையும் தனித்தனியாக அனுப்பச் சொன்னார். ஊர் வம்பில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

கருப்பையா திங்கட்கிழமை வந்தார். கல்யாணப் பதிவுக் காகிதம் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். அக்கா நேராகக் கேட்டார்.

"உங்க கடைதான் உங்ககிட்ட இருக்கே. அந்த ரெண்டு முழம் எதுக்கு?"

"அதை விட்டா அவன் நாளைக்கு என் கல்லாப்பெட்டி வரைக்கும் வருவான். கொஞ்சம் தள்ளிப் பிடிச்சாத்தான் நம்ம இடம் பத்திரமா இருக்கும், டாவ் தங்கமணி." பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'டாவ்' போட்டார்.

அக்காவின் முகம் மலர்ந்துபோனது. இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு வருஷக் கேள்விக்கு வெங்காயக்காரர் பதில் சொல்லிவிட்டார். அவன் மறுபடி வந்துவிடக் கூடாது என்று அவன் வாசலையும் பிடித்துக்கொள்வது. பிடித்த வாசலைக் காப்பாற்ற அடுத்த தெருவுக்குப் போவது. யூப்ரடீஸ் வரைக்கும் போனது இப்படித்தான் இருக்கும் என்றார். கருப்பையா என்னைப் பார்த்தார். நான் தலையைச் சொறிந்தேன்.

போகும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "அது பவானி உட்கார்ந்த இடம். அதுல அவன் தேங்காயை உருட்டினா எனக்கு வயிறு எரியுது."

செவ்வாய்க்கிழமை செல்லையா வந்தார், மகனுடைய பிறப்புப் பத்திரத்தைச் சாக்கு வைத்துக்கொண்டு. அவர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். "எங்க அக்கா உட்கார்ந்த இடத்துல மூட்டையை வைக்கிறாரே. மூட்டையா எங்க அக்கா?"

இரண்டு பேருக்கும் வேண்டியது அந்த இடம் இல்லை, அதில் உட்கார்ந்திருந்தவர். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பல்லவிதான் பாடினார்கள்: அவர் முதலில் வரட்டும்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. அக்கா புத்தகத்தின் கடைசிப் பகுதியைப் பிரித்தார். காதேஷ் என்ற ஊரில் எகிப்து ராஜா ராம்சேஸும் ஹிட்டைட் ராஜாவும் மோதினார்கள். இரண்டு பேருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினைந்து பதினாறு வருஷம் கழித்துத்தான் சமாதானம். ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதி, இரண்டு பாஷையில். எகிப்துக் கோயில் சுவரில் இருப்பது, ஹிட்டைட்காரன் ஆள் அனுப்பிச் சமாதானம் கேட்டான் என்கிறது. ஹிட்டைட்காரனின் களிமண் பலகை, எகிப்துக்காரன் ஆள் அனுப்பிக் கேட்டான் என்கிறது.

"அவன் சுவரை இவன் படிக்கப் போறதில்ல, இவன் பலகையை அவன் படிக்கப் போறதில்ல. சண்டை நின்னுச்சு பாரு" என்றார் அக்கா. புத்தகத்தை மூடிவிட்டுப் பேனாவைத் திறந்தார். கரண்ட் இல்லாத நேரத்தில் அவர் எழுத ஆரம்பித்தால் எனக்குப் பயம்.

கரண்ட் வந்ததும் இரண்டு காகிதம் என் மெஷினுக்கு வந்தது. கருப்பையாவுக்குத் தமிழில், செல்லையாவுக்குப் பர்மியத்தில். செல்லையாவின் மனைவி பர்மியர், அவர் வீட்டில் எழுத்தெல்லாம் பர்மியம்தான். நடு இடம் காலியாகவே இருக்கும், யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று இரண்டும் ஒரே மாதிரி சொன்னது. முதல் வரி மட்டும் வேறு. தமிழில் 'செல்லையா சமாதானம் கேட்டு வந்ததன் பேரில்'. பர்மியத்தில் 'கருப்பையா சமாதானம் கேட்டு வந்ததன் பேரில்'.

"அக்கா, இது பொய்யாச்சே."

"தெரியும். ரெண்டுலயும் முத்திரை குத்தலை பாரு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வார்த்தையை மாற்றியிருந்தார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கையெழுத்து கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் என்று சொல்லி அவரவர் காகிதத்தை அவரவரிடம் அனுப்பினார். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். கையெழுத்துப் போடும்போது காகிதத்தை மாற்றிக்கொள்வார்களே, அப்போது என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். அதைப் பற்றிப் புத்தகத்தில் இல்லை என்றார்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். செல்லையா பட்டு வேட்டியில் வந்தார். பூர்ணாவுக்கு மாலை போட்டார், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். அவள் அழுதாள், அவரும் அழுதார். தாலி ஏறியது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அப்புறம் கருப்பையாவின் சித்தப்பா தண்டபாணி ஒரு வேலை செய்தார். எழுபது வயதுக்கு வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கலாம். மண்டபமே கேட்கிற மாதிரி, "மூணு வருஷ வீராப்பு. கடைசியில யாருப்பா இறங்கி வந்தது? அந்தக் காகிதத்தைப் படிங்க கேப்போம்" என்றார்.

கருப்பையாவின் கை சட்டைப் பைக்குப் போனது. செல்லையாவின் கை மடிக்குப் போனது. தங்கமணி அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், நகம் பதிந்தது. மணவறையில் பூர்ணாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

கருப்பையா காகிதத்தைப் பிரித்தார். முதல் வரியைப் பார்த்தார். செல்லையாவைப் பார்த்தார். அத்தனை பேருக்கு நடுவில் அந்த வரியைச் சத்தமாகப் படித்தால் மைத்துனன் தலை குனிய வேண்டும். அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான்தான் சித்தப்பா. நான்தான் போய்க் கேட்டேன்."

"அதெல்லாம் இல்ல" என்று செல்லையா எழுந்துவிட்டார். "நான்தான் முதல்ல வந்தேன். மச்சான் என் மானத்தைக் காப்பாத்த அப்படிச் சொல்றாரு."

"நீ எங்கடா வந்த? நான் திங்கக்கிழமையே போயாச்சு."

"நான் போன மாசமே உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பினேன் மச்சான். தெரியுமா உங்களுக்கு?"

கருப்பையா நின்றுவிட்டார். அது அவருக்குத் தெரியாது. "வந்தவன் உள்ளே வர்றதுக்கு என்னடா?" என்றார். குரல் உடைந்துபோயிற்று. மறுபடியும் சண்டை பிடித்துக்கொண்டது, இந்தத் தடவை முதலில் இறங்கி வந்தது நான்தான் என்று. பூர்ணா மணவறையில் உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மொய் எழுதுகிற மேசையில் உட்கார்ந்து புதிதாக ஒரு காகிதம் எழுதினார், மேலே தமிழ், கீழே பர்மியம். 'இருவரும் வந்தார்கள்' என்று ஆரம்பித்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பழைய இரண்டையும் அக்கா கேட்டு வாங்கிக் கிழித்தார். பிறகு கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி ஓங்கிக் குத்தினார்.

போன வாரம் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போயிருந்தேன். அந்த இரண்டு முழத்தில் மூட்டையும் இல்லை, தேங்காயும் இல்லை. பவானியின் முக்காலியைக் கழுவிப் போட்டிருந்தார்கள்.