கஸ்தூரி பெரியம்மா ஏரிமேல் நடந்த நாள்

அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு கஸ்தூரி பெரியம்மாவுடையது. என் அப்பாவின் அண்ணன் சக்கரபாணியின் மனைவி அவள். பெரியப்பா பட்டாளத்தில் இருந்தார். கல்யாணமாகிப் பல வருடங்கள், அவர் லீவில் வரும்போது மட்டும்தான் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். 1977-இல் அவருக்குக் காஷ்மீரில் குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பெரியம்மா ஐந்து வயதுப் பொன்னியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ரயில் ஏறும்போதே பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள்: “பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஒத்து வரலன்னா நானும் கொழந்தையும் ஊருக்கு வந்துடுவோம்.”

ஒத்துத்தான் வரவில்லை. கொடியில் போட்ட புடவை பலகை மாதிரி விறைத்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசியது புரியவில்லை. பொன்னிக்கு இருமல் விடவில்லை. பெரியப்பா தினமும் வேலை முடிந்து வந்ததும், பெட்டி கட்டியிருக்கிறாளா என்றுதான் முதலில் பார்ப்பாராம்.

காணும் பொங்கலும் வந்தது.

“இந்நேரம் ஊர்ல எல்லாரும் சாத்தனூர் டேமுக்குக் கெளம்பியிருப்பாங்க” என்றாள் பெரியம்மா.

“நானும் உன்ன ஏரிக்கு இட்டுனு போறேன். கெளம்பு.”

புளிசோறு கட்டிக்கொண்டு போனார்கள். பெரியப்பாவோடு வேலை செய்த போளூர்க்காரர் பரசுராமனும் கூட வந்தார். ஏரி முழுவதும் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் ஜனங்கள் நடந்தார்கள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பெரியம்மா கரையிலேயே நின்றுவிட்டாள். எங்கள் ஊர் ஏரி மார்கழியில்தான் நிரம்பி, கோடி வழியாக வழிந்து போகும். அந்த மாதத்தில் எந்தத் தாயும் பிள்ளையை ஏரிப்பக்கம் விடமாட்டாள்.

“தண்ணிமேல நடக்கச் சொல்றீங்களா?”

“தண்ணி எங்கடி இருக்குது? கல்லு மாதிரி கெடக்குது பாரு” என்று பெரியப்பா பனிமேல் ஏறி நின்றார்.

“அண்ணி, அண்ணன் நல்லா எட போட்ட ஆளு. அவரே மேல நிக்கறாரு. உங்களுக்கு இன்னா பயம்?” என்றார் பரசுராமன்.

பொன்னி கையை இழுத்தாள். பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

“சரி, வர்றேன். ஆனா நடுவுக்கெல்லாம் வரமாட்டேன். ஓரமாவே நடக்கறோம்.”

ஊர் ஏரியை வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டாள். கோடையில் கரையோரம் முதலில் காயும். நடுவில்தான் கடைசிவரை சேறு இருக்கும். அவசரப்பட்டு நடுவில் இறங்கின மாடு இடுப்பளவு புதைந்துபோகும். ஓரம் கெட்டி, நடு மோசம் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். பெரியப்பா வாயைத் திறந்தார். பிறகு எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

நாணல் நின்ற இடத்தில் ஒரு சின்ன ஓடை வந்து ஏரியில் சேர்ந்தது. பெரியம்மா அங்கே போனதும் காலடியில் பனிக்கட்டி முறிந்தது. விழுவதற்கு முன் பொன்னியை இரண்டு கையாலும் ஏரிப்பக்கமாகத் தள்ளிவிட்டாள். பிள்ளை வழுக்கிக்கொண்டே தூரம் போய், சிரித்தது. பெரியம்மாவுக்கு முழங்கால் வரை தண்ணீர். அவ்வளவுதான் ஆழம். ஆனால் அந்தத் தண்ணீர் காலைக் கத்தியால் அறுத்த மாதிரி இருந்ததாம்.

பெரியப்பா ஓடிவந்து தூக்கினார். கரையில் உட்காரவைத்து, தன் காலுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். பரசுராமன் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார்.

“இங்க ஓரந்தான் அண்ணி மோசம். ஓடத்தண்ணி வந்து வுழுற எடத்துல பனி மெல்லிசா இருக்கும்.”

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமா இது?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அவர் தீயில் சுள்ளியைத் தள்ளினார். “ஒடையும்னு சொன்னா நாளைக்கே டிக்கெட்டு போடச் சொல்லுவ. அதான்.”

“கொழந்த உள்ள போயிருந்தா?”

பரசுராமன் மெதுவாக எழுந்து, பனியில் வழுக்கி விளையாடிய பொன்னியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா எழுந்தாள். “எங்க ஒடையும், எங்க ஒடையாதுன்னு இப்பக் காட்டுங்க.”

“கால் ஈரமா இருக்குதே...”

“காட்டுங்கன்னா காட்டுங்க.”

அவர் முன்னால் நடந்தார். நாணல் பக்கம், வெயில் படும் பாறையோரம், ஓடை விழும் இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் ஏரி நடுவுக்கே வந்துவிட்டார்கள். பொன்னியை நடுவில் உட்காரவைத்து அங்கேயே சாப்பிட்டார்கள். புளிசோறு உருண்டை உருண்டையாக இறுகியிருந்தது.

அன்று சாயந்திரம் பெரியப்பாவே கேட்டார்: “டிக்கெட்டு போடட்டுமா?”

“அது அப்புறம். இன்னும் இன்னா இன்னா மறைச்சி வெச்சிருக்கீங்க? மொதல்ல அத சொல்லுங்க.”

அவர் சொன்னார். அடுத்த மாதம் பனி ஜாஸ்தியானால் ரோடு மூடிவிடும், லாரி வராது. மார்ச்சில் அவரை மலைமேல் காவலுக்கு அனுப்புவார்கள், ஒரு மாதம் அவள் தனியாக இருக்கவேண்டும். பொன்னியின் இருமலுக்கு மட்டும் இங்கே இருக்கும் டாக்டர் பரவாயில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, “ரோடு மூடறதுக்குள்ள அரிசி, மண்ணெண்ணெய் வாங்கிப் போடுங்க” என்றாள்.