மதகுக்கு அந்தாண்ட முளைத்த பொன்னாங்கண்ணி

விளக்கு வைக்கிற நேரத்தில் அலுமினியக் குண்டான் ஒன்று தரையில் உருண்டோடும் சத்தம் கேட்டால் நான் இன்றும் எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பேன். எண்பதுகளின் நடுவில், கொரட்டூர் ஏரியை ஒட்டிய எங்கள் ஓட்டு வீட்டில், நான்கு வயதுத் தங்கை அமுதா ஒவ்வொரு சாயங்காலமும் எதையாவது இடறிக்கொண்டே இருந்தாள். வாலு, துடுக்கு என்று முதலில் எல்லோரும் அவளைத்தான் திட்டினோம். ஒருநாள், வெளிச்சம் முழுதாகப் போவதற்கு முன்பே, அம்மா கையை நீட்டிக் கூப்பிட, அவள் அம்மாவை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கமாகக் காற்றைத் துழாவிக்கொண்டு நடந்தாள். மறுநாள் விடிந்ததும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

சுகாதார நிலையத்து நர்சம்மா அமுதாவின் இமையை விரித்துப் பார்த்து மாலைக்கண் என்றார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மருந்தை அவள் வாயில் ஊற்றி, மறுபடி எப்போது வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, "மருந்து மட்டும் பத்தாதும்மா. டெய்லி கீரை, பப்பாளி, முட்டன்னு ஏதாவது குடுத்துகினே இருக்கணும். அசால்ட்டா வுட்டா கண்ணே போயிடும்" என்றார். வீடு வரும் வரை அம்மா அமுதாவை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் நைனா வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு, மதியம் திரும்பி வருவதே அவருக்கு வேலையாகிப் போயிருந்தது. முட்டை என்பது வீட்டில் யாரும் எடுக்காத பேச்சாயிற்று.

"சத்து" என்ற சொல்லை அம்மா சாமி பேரைச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தாள். ரேஷன் அரிசி வடித்த கஞ்சியில் ஒரு சொட்டுகூடக் கீழே போகாது, உப்பும் மோரும் கலந்து எங்கள் டம்ளருக்கு வந்துவிடும். "கேவுரு" என்கிற கேழ்வரகு மாவில் பக்கத்து முருங்கையை உருவிப் போட்டு அடை தட்டுவாள். சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போய், அடிபட்ட பப்பாளியும் வால் ஒடிந்த கேரட்டும் பொறுக்கி வருவாள். பொடி நெத்திலிக் கருவாட்டை மண் போக ஏழு தண்ணீரில் அலசித் தொக்கு வைப்பாள். நைனாவுக்கும் எனக்கும் ஒரு கரண்டி, அமுதாவுக்கு ஒன்றரை, மீந்தால் அம்மாவுக்கு. "வயிறு ரொம்புனா ஆச்சா, ஒடம்புல ஒட்டணும்" என்பாள். இன்றைக்குப் படித்தவர்கள் காசு கொடுத்துக் கேட்டு எழுதிவைத்துக்கொள்கிற சாப்பாட்டையெல்லாம் நாங்கள் வேறு வழியில்லாமல் தின்றுகொண்டிருந்தோம்.

கீரை பறிப்பது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. கண்ணுக்கு நல்லது என்று அம்மா பொன்னாங்கண்ணியைத்தான் கேட்பாள், அது ஏரியோரத்து ஈரத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும். அவள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: "மதகுக்கு இந்தாண்டயே பறிச்சிகினு வா. அந்தாண்ட கால வெக்காத." அந்தாண்டப் பக்கத்தில் ஏதேதோ கம்பெனிகளின் கழிவுநீர் ஓடும் கால்வாய் இருந்தது. ஒருநாள் கறுப்பாகவும் ஒருநாள் செம்மண் நிறத்திலும் ஓடும். முந்தின வருஷம் பால்காரரின் எருமை ஒன்று அங்கே மேய்ந்துவிட்டு வந்து, வாயில் நுரை தள்ளி, எங்கள் தெருவிலேயே கால்களை உதைத்துக்கொண்டு செத்தது. நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கத்திரி வெயிலில் இந்தாண்டக் கரை காய்ந்து வெடித்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தேடியும் என் பையில் ஒரு கைப்பிடிகூடச் சேரவில்லை. வெறும் பையோடு போனால் அம்மா திட்டமாட்டாள், அமுதாவின் கண்ணைத்தான் பார்ப்பாள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்கமுடியவில்லை. மதகைத் தாண்டினேன். அங்கே பொன்னாங்கண்ணி முழங்கால் உயரப் புதராக, கொழுகொழுவென்று நின்றது. ஐந்து நிமிஷத்தில் பை நிறைந்தது.

"எங்கடி கெடச்சிது இம்மாங் கீரை?" என்று அம்மா முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. "இந்தாண்டதான்" என்றேன். கேழ்வரகைக் கையில் கொடுத்து என்னை மாவு மில்லுக்கு அனுப்பினாள். மில்லில் வரிசை நீண்டு கிடந்தது. நிற்க நிற்க அந்த எருமையின் நுரை என் கண்முன்னால் வந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வரிசையை விட்டு விலகினேன், அடி விழும் என்று இரண்டு முறையும் திரும்பி வந்து நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கீரையைக் கடைந்து, பூண்டு தாளித்து, தட்டுகளைப் பரப்பியிருந்தாள். நைனா பிசைய ஆரம்பித்தார். எனக்கு வயிற்று வலி, சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"ஆமா."

"ஒரு வாய்கூட வேணாமா?"

"வேணாம்."

அவள் அமுதாவை மடியில் உட்கார வைத்து, சோறும் கீரையுமாக உருண்டை பிடித்து ஊட்டினாள். அமுதா ஒவ்வொரு உருண்டைக்கும் குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். நான் உருண்டைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசி உருண்டையை விழுங்கிவிட்டு அமுதா இன்னும் வேண்டும் என்றாள். அம்மா இன்னும் போட்டாள்.

அன்று மதியம் நான் பட்ட பயத்தைப் போல வாழ்க்கையில் பிறகு பட்டதில்லை. பிரசவ வலியில்கூட இல்லை. அமுதா தூங்கிப்போனாள், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இருமினால் என் உயிர் போய்த் திரும்பியது. உதட்டோரம் எச்சில் வழிந்தபோது நுரை என்று நினைத்து, எழுந்து அம்மாவிடம் ஓடினேன். வாசலில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவளின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் வா என்று அழுதேன்.

அம்மா பதறவில்லை. என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். குப்பைக்குழியில் நான் பறித்து வந்த பொன்னாங்கண்ணி முழுதும் அப்படியே கிடந்தது.

"தண்ணில போட்டதுமே எண்ணெ மெதந்துச்சி. குழில கொட்டுனா தெரு ஆடு கூட மோந்துட்டுப் போயிடுச்சி" என்றாள். "நாகம்மா ஊட்டாண்ட போயி கேட்டு வாங்கியாந்து ஆக்குனேன்."

நாகம்மா நான்கு வீடு தள்ளி இருந்தவள். குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் பொன்னாங்கண்ணி ஊன்றி வளர்த்துக்கொண்டிருந்தாள். அடிபம்புச் சண்டையில் அம்மா அவளோடு ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. பட்டினி கிடந்தாலும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று தெரு கேட்கச் சொன்னவள். அந்த வாசலிலேயே அம்மா போய்க் கையேந்தி நின்றிருக்கிறாள், என் பொய்யால்.

நான் அடிக்காகக் காத்திருந்தேன். அவள் கை ஓங்கவில்லை. "அந்தாண்ட போனே, சரி. பொய் சொன்னே, அதுவும் சரி, பயம். விஷம்னு நெனச்சிகினு நீ துன்னல. அவ துன்றத மட்டும் பாத்துகினே குந்திகினு இருந்தியே, செல்வி" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய், மூடி வைத்திருந்த என் பங்குச் சோற்றையும் கீரையையும் எடுத்து வந்து முன்னால் வைத்தாள். நான் அதைத் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அமுதாவின் கண் தேறிவிட்டது. மருந்தா, கீரையா, தெரியாது. இன்று அவள் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள், நான்தான் கண்ணாடி போட்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள், நைனாவிடம்கூட. எங்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. கரையில் கீரை பறிக்கிற பிள்ளைகள் யாரும் இல்லை, காலையில் நடக்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். பொன்னாங்கண்ணி கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்ல ஆளில்லை.

என் வீட்டில் எது சமைத்தாலும் முதல் வாய் நான்தான் சாப்பிடுவேன், நின்றுகொண்டே, அடுப்படியிலேயே. அதன் பிறகுதான் பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பேன். அம்மாவுக்குப் பசி பொறுக்காது என்று அவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.