நரம்பாலியைத் தேடிப் போன கிரேஸ்

கழனி வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதல் ஆளாக வாத்தியார் வேலைக்குப் படித்தவள் கிரேஸ். கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் அவள் ஊசியிலை மரங்களைப் பற்றிப் பாடம் எடுத்தால் போதும், பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைக் காட்டுவார்கள். "அது இல்ல கண்ணுங்களா, சவுக்கு பூ பூக்குற சாதி. ஊசியிலை சாதி பூக்காது, காய்க்குள்ள மூடாம வெதைய வெளியவே வெச்சிருக்கும்" என்பாள். "அப்ப எது டீச்சர்?" என்றால் காட்ட ஒன்றும் கிடையாது. அந்த இனத்தில் நம் தெற்கத்தி மலைகளில் தானாக வளர்வது ஒரே ஒரு மரம், அதற்கும் ஊசியிலை கிடையாது என்று எங்கோ படித்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

1956 கோடை லீவில் வழி பிறந்தது. அவள் கணவன் சின்னதுரைக்கு அரிசி மில்லில் வேலை. அவனுடைய அக்கா பூவம்மாள் வால்பாறை தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். இருவரும் ரயிலேறிப் போனார்கள்.

போன மறுநாளே கிரேஸ் காட்டோரம் அலையத் தொடங்கினாள்.

"இன்னா கிரேஸு, ஊரு பாக்க வந்துட்டு எலைய தடவிக்கினு கீற?" என்றான் சின்னதுரை, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கியபடி.

"அந்த மரத்து எலையில நடு நரம்பு இருக்காதுங்க."

பார்த்த இலையிலெல்லாம் நடு நரம்பு தடியாக ஓடியது. கடைசியில் ஓடைக்கரையில் நெடுநெடுவென்று ஒரு மரம். தோல் போலத் தடித்த இலைகள், எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக நின்றன. ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தாள். நடு நரம்பு இல்லை! சீப்பால் வாரிவிட்டாற்போல மெல்லிய கோடுகள் அடியிலிருந்து நுனிவரை ஓடின.

"எலைய மட்டும் நம்பக் கூடாது. வெத பாக்கணும்" என்றாள், மூச்சு வாங்க.

அதுவரை கேலி பேசியவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான். ஒரு கிளையோடு இறங்கினான். தடித்த காம்பின் நுனியில் பச்சை உருண்டை ஒன்று.

"பழமாட்டம் கீதே?"

"பழமில்லீங்க. வெதையே மூடாம வெளிய உக்காந்துக்கினு கீது. இதான்! இதேதான்!" அவன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

குடத்தோடு வந்த பூவம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "இந்த நரம்பாலியத் தேடியா ரயிலேறி வந்தீங்க? தெனம் இதுங்கீழதான் கொடத்த எறக்கி வெக்கறேன்!"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஈரத்துணியில் சுற்றிய கிளை ஊர் வந்து சேர்ந்தது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு இலையை வெயிலுக்குக் காட்டி, "நடு நரம்பு இல்ல, நடு நரம்பு இல்ல" என்று கூவினார்கள். மில்லிலோ சின்னதுரை தான் மரமேறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல மரம் வளர்ந்துகொண்டே போனது. கிரேஸ் அதைத் திருத்தவே இல்லை.