ஆணிப் பொம்மைக்குக் காந்தம் தேடி வந்தவர்கள்

ஒட்டுகிறதா என்று பார்த்துக் காந்தம் வாங்குபவர் குறைவு; பெரியதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். ஐம்பதுகளில் இலங்கை மலையகத்தின் அட்டன் பஜாரில் காசிம் நானாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. உடைந்த ஸ்பீக்கரிலும் மோட்டார் சைக்கிளிலும் கழற்றிய காந்தங்களைப் பலகையில் அடுக்கியிருப்போம். அவற்றின்மேல் ஆணி, நட்டு, வாஷர் ஒட்டி யானை, குதிரை செய்யும் பைத்தியம் அப்போது சிலரைப் பிடித்திருந்தது. கடையில் நின்று பழகியவர்களுக்கு என் பாடு புரியும்.

மூன்றரை மணி

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் இருப்பதிலேயே பெரிய லாடக் காந்தத்தை எடுத்தார். நான் காகிதத்தில் சுற்றுவதற்குள் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அதே பையில் அவருடைய கடிகாரம். அது நின்றுபோனது தெரியாமல், மழையில் இருட்டும்வரை ஆட்களைக் கொழுந்து பறிக்க விட்டிருக்கிறார்.

மறுநாள் அந்த மலையில் பறித்த பெண்ணொருத்தி கடைக்கே வந்துவிட்டாள். அவள் நிதானமாகச் சொன்னாள்: “அண்ணே, அவருக்கு இனிமே காந்தம் குடுக்காதீங்க. நேத்து எங்களுக்கு மூணரை மணி முடியவே இல்ல.”

துரைக்குக் குதிரை

தோட்டத்துக் கொல்லர் ஆறுமுகம், சீமைக்குப் போகும் துரைக்கு வாஷரில் குதிரை செய்தார். காந்தம் சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்று உலையில் பழுக்கக் காய்ச்சித் தட்டியிருக்கிறார். காய்ச்சினால் காந்தத்தின் சக்தி போய்விடும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அவர் அப்படிச் செய்வார் என்று யார் கண்டது?

பிரியாவிடையில் துரை கையில் வாங்கியதும், மிச்சமிருந்த சொற்பப் பிடிப்பில் நின்ற குதிரை பொலபொலவென்று தரையில் கொட்டிவிட்டது. அடுத்த நாள் வந்த ஆறுமுகத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. “தொரை ஒன்னும் சொல்லலங்க. சிரிச்சாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

நானாவின் கண்

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் மருந்தையா யானைத் தும்பிக்கைக்காக மெல்லிய காந்தம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரம் போட்டுக்கொண்டிருந்த காசிம் நானா திடீரென்று கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரும்புத் தூள்.

“கண்ணக் கசக்காதீங்க நானா” என்று மருந்தையா கையைப் பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். பலகையிலிருந்து இரண்டு காந்தத்தை எடுத்து, நுனி தடிப்பு என்று ஒதுக்கினார். மூன்றாவதைத் தன் பையிலிருந்த ஸ்பிரிட்டில் துடைத்துக் கண்ணருகே கொண்டுபோனார். நான் பார்க்கமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நானாவின் பெருமூச்சு கேட்டுத் திரும்பினால், காந்த நுனியில் கடுகில் பாதி அளவு கறுப்புத் துணுக்கு. மருந்தையா காந்தத்தை என்னிடம் நீட்டினார்: “இதையே கட்டுங்க தம்பி. சோதிச்சுப் பாத்தாச்சு.”

காந்தம் இரும்பை இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். வம்பையும் இழுக்கும் என்பதை அந்தக் கடையில்தான் கண்டேன்.